போல் பஸ்ஸி

போல் பஸ்ஸி (ஜனவரி 13, 1859 - மார்ச் 21, 1940) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒலியியல் அறிஞரும் மொழியாசிரியரும் ஆவார். இன்று உலகெங்கும் அகராதிகளிலும் மொழிப் பாடநூல்களிலும் சொற்களின் ஒலிப்பைக் காட்டப் பயன்படும் அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கு, இவர் 1886 ஆம் ஆண்டில் தோற்றுவித்த கழகத்தின் ஆக்கமாகும். பிரெஞ்சுச் சொற்கள் ஏட்டில் அசை பிரிக்கப்படும் முறைக்கும், பேசுவோர் வாயில் அவை அசைகளாக விழும் முறைக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாட்டை ஒழுங்காக விளக்கியோருள் இவர் முதன்மையானவர். போர் எதிர்ப்பாளராகவும் கிறித்தவச் சமவுடைமைவாதியாகவும் விளங்கிய இவர், அக்கொள்கையின் பொருட்டுத் தமது ஆசிரியப் பதவியை ஒருமுறை இழந்தவர்.

பெயரும் ஒலிப்பும்

இவருடைய குடும்பப் பெயரே பிரெஞ்சு அசைப் பிரிப்பின் இரு முறைகளுக்கும் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது. அச்சில் வரியின் முடிவில் இப்பெயரைப் பிரிக்க நேர்ந்தால், இரட்டித்த மெய்யின் நடுவே கோடிட்டு பஸ்-ஸி எனப் பிரிக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இப்பெயரைச் சொல்லும்போது ஒரே ஒரு ஸகர ஒலிதான் கேட்கும். அவ்வொலியும் முதல் அசையை மூடாமல் இரண்டாம் அசையைத் தொடங்கி வைக்கும். அதாவது ப-ஸி என்பதே பேச்சில் உள்ள பிரிவு. தமிழில் பஸ்ஸி என எழுதுவது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைத் தழுவியதேயன்றி ஒலிப்பைத் தழுவியதன்று.

குடும்பமும் கல்வியும்

போல் பஸ்ஸி பாரிசுக்கு அருகிலுள்ள வெர்சாய் நகரில் பிறந்தார். தந்தை பிரெடெரிக் பஸ்ஸி பொருளியலாளர். கட்டற்ற வணிகக் கொள்கையையும் நாடுகளுக்கிடையே நடுவர் தீர்ப்பு முறையையும் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியத்தை 1889 இல் தோற்றுவித்த இருவருள் ஒருவர். 1901 ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசு இவருக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடியான ஹென்றி துனானுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டில் போல் பஸ்ஸி பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கல்வி பெற்றார். ஆங்கிலம், செருமானியம், இத்தாலியம் ஆகிய மொழிகளைச் சிறு வயதிலேயே, இலக்கண நூல் வழியாகவன்றிக் காதால் கேட்டும் வாயால் பேசியும் கற்றார். ஒரு மொழியின் எழுத்து அம்மொழியன்று. ஒலியே மொழி என்னும் எண்ணம் பிற்காலத்தில் இவருடைய எழுத்துகள் அனைத்திலும் ஊடாடி நிற்பதற்கு இந்த இளமைப் பயிற்சியும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். பின்னர் பாரிசிலுள்ள உயர் ஆய்வுகளுக்கான செயல்முறைக் கல்விக்கூடத்தில் சமசுக்கிருதமும் பழைய செருமானிய மொழிகளுள் ஒன்றான கோதிக்கும் பயின்றார். பிற்காலத்தில் நவீன மொழியியலின் தந்தை எனப் போற்றப்பட்ட பெர்தினான் தெ சொசூர் 1881 முதல் 1891 வரை அங்கு கற்பித்து வந்தார். அவருடைய வகுப்புகளில் அமர்ந்தோருள் பஸ்ஸியும் ஒருவர்.

பத்தாண்டுப் பள்ளிப் பணி

அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்தின்படி, பொதுக் கல்வித்துறையில் பத்தாண்டுகள் பணியாற்ற உறுதியளிக்கும் இளைஞர் படைப்பணியிலிருந்து விலக்குப் பெறலாம். போரை ஏற்காத குடும்பத்தில் வளர்ந்த பஸ்ஸி இவ்வழியைத் தேர்ந்து மொழியாசிரியரானார். ஒலியியலுக்கு இவர் வந்தது பல்கலைக்கழக ஆய்வறையின் வழியாக அன்று, வகுப்பறையின் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது.

அன்றைய பிரெஞ்சுப் பள்ளிகளில் அயல்மொழி என்பது இலத்தீனைப் போலவே கற்பிக்கப்பட்டு வந்தது. விதிகளை மனனம் செய்து, பத்திகளை மொழிபெயர்த்து, ஆண்டுகள் பல கழிந்த பின்னும் மாணவரால் ஓர் ஆங்கிலேயரிடம் வழி கேட்க இயலாத நிலை இருந்தது. தாய்மொழிப் பாடத்திலும் இடர் குறைவாக இல்லை. 1881, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியபோது, வீட்டில் பிரெத்தோனியம், பாசுக்கு, ஒக்சித்தானியம் முதலிய மொழிகளைப் பேசிய சிறார் பெருந்தொகையினர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை எதிர்கொண்டனர். பறவையைக் குறிக்கும் சொல் ஆறு எழுத்துகளால் எழுதப்படுகின்றது. அதில் ஒலிப்பவை நான்கு ஒலிகள், இரண்டு அசைகள். வா-ஸோ என்பது போல ஒலிக்கும் அச்சொல்லில் (இங்கு ஸகரம் அதிர்வொலி) ஆறு எழுத்துகளுள் ஒன்றுகூடத் தன் பெயருக்குரிய ஒலியைத் தருவதில்லை. சொல்வதை எழுதுதல் எனும் தேர்வில் பிழை விட்ட ஏழைச் சிறுவர்களின் மேற்படிப்பு அதனோடு முடிந்துபோவதும் உண்டு. ஆகவே எழுத்துக்கூட்டல் பற்றிய கேள்வி பஸ்ஸிக்கு அறிஞர்களின் வாதப் பொருளாக மட்டும் தோன்றவில்லை.

கழகத்தின் தோற்றம்

1886 ஆம் ஆண்டில் பஸ்ஸி பாரிசில் மொழியாசிரியர் சிலரைச் சேர்த்து ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிப்பெழுத்தின் வழி முதலில் பேச்சையும், அதன்பின் வழக்கமான எழுத்துக்கூட்டலையும் கற்பிப்பது அதன் நோக்கம். ஒலியியல் ஆசிரியர் கழகம் என்னும் பொருள்பட அதற்கு ஆங்கிலப் பெயர் இடப்பட்டது. அந்தப் பெயரும் ஒலிப்புக்கு ஏற்ற புது எழுத்துக்கூட்டலிலேயே எழுதப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் கழகத்தின் இதழும் வெளிவரத் தொடங்கியது. டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன், செருமனியின் வில்ஹெல்ம் ஃபியேட்டோர், இங்கிலாந்தின் ஹென்றி சுவீட் ஆகியோர் அவ்வாண்டிலேயே உறுப்பினராயினர். ஃபியேட்டோர் மொழிக் கல்வியைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என 1882 இல் சிறுநூல் எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியவர்.

1889 இல் இதழ் லெ மேத்ர் ஃபொனெத்தீக் (ஒலியியல் ஆசிரியர்) எனப் பெயர் மாறியது. 1897 இல் கழகம் அனைத்துலக ஒலியியல் கழகம் எனத் தன் இன்றைய பெயரைப் பெற்றது. இதழின் கட்டுரைகள், அறிவிப்புகள், உறுப்பினர் மடல்கள் யாவும் ஒலிப்பெழுத்திலேயே அச்சாயின. படிப்பவர் எழுதியவரின் நாட்டு வழக்கையும் சேர்த்துக் கேட்க முடிந்தது. 1914 ஆம் ஆண்டில் 40 நாடுகளில் 1,751 உறுப்பினர்கள் இருந்தனர்.

நெடுங்கணக்கு

முதலில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி எழுத்து முறையே கையாளப்பட்டது. அதனால் ஒரே ஒலிக்கு மொழிக்கொரு குறி வந்தது. சகரத்தின் உரசொலியாகிய ஷகரத்தை ஆங்கிலத்துக்கு இலத்தீன் அரிச்சுவடியின் மூன்றாம் எழுத்தாலும், பிரெஞ்சுக்கு எக்ஸ் எழுத்தாலும் குறித்து வந்தனர். எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரே நெடுங்கணக்கு வேண்டும் என்னும் கருத்தை யெஸ்பர்சன் பஸ்ஸிக்கு எழுதிய மடல் ஒன்றில் முன்வைத்தார். சுவீட் அமைத்திருந்த ரோமிக் எழுத்து முறையை அடியாகக் கொண்டு, 1888 ஆகஸ்டில் முதற் பட்டியல் வெளியிடப்பட்டது.

பட்டியலோடு சில நெறிகளும் வகுக்கப்பட்டன. ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து வேண்டும். ஒரே ஒலி எம்மொழியில் வந்தாலும் அதற்கு ஒரே எழுத்து. இயன்றவரை இலத்தீன் எழுத்துகளையே பயன்படுத்துதல், புது எழுத்துகள் பழையவற்றின் சாயலில் அமைதல், மேற்குறி கீழ்க்குறிகளைத் தவிர்த்தல் என்பன மற்றவை. இவற்றுள் முதல் நெறி ஆழமானது. எல்லா ஒலி வேறுபாடுகளையும் எழுத வேண்டியதில்லை, பொருள் வேறுபாட்டுக்குக் காரணமானவற்றை எழுதினால் போதும் என்பது, ஒலியன் என்னும் கருத்து மொழியியலில் நிலைபெறுவதற்கு முன்பே செயலில் வந்துவிட்டதை இது காட்டுகின்றது. வகுப்பறைத் தேவையே அதற்கு வழிவகுத்தது. பிள்ளைகளுக்கு எளிய எழுத்து வேண்டியிருந்தது.

பிரெஞ்சு அசைகள்

1887 இல் வெளிவந்த லெ சோன் தியூ பிரான்சே (பிரெஞ்சு மொழியின் ஒலிகள்) என்னும் நூல் பஸ்ஸியின் பெயரை நிலைநிறுத்தியது. பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்ட இச்சிறுநூலில் அவர் தம் சொந்த அன்றாடப் பேச்சையே முதன்மைச் சான்றாகக் கொண்டார். பேச்சை எழுத்திலிருந்து தொடங்காமல், ஒரே மூச்சில் சொல்லப்படும் தொடரை முதலில் எடுத்து, அதை அழுத்தக் கூறுகளாகவும், அவற்றை அசைகளாகவும், அசைகளை ஒலிகளாகவும் பிரித்துக் காட்டினார். சொல் என்னும் அலகுக்கு இவ்வரிசையில் இடமில்லாதது தற்செயலன்று. பிரெஞ்சுப் பேச்சில் சொல்லின் எல்லை பெரும்பாலும் காதுக்குத் தெரிவதில்லை.

ஒரு சொல்லுக்குள் அமையும் பிரிவு எளிது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின் வரும் உயிரோடு சேரும். நண்பன் எனும் பொருளுடைய சொல் அ-மி எனப் பிரியும். இரண்டு மெய்கள் வந்தால் ஒன்று முன்னசையிலும் மற்றது பின்னசையிலும் நிற்கும். புறப்படுதலைக் குறிக்கும் சொல் பார்-தீர் என்றாகும். ஆனால் ககர, தகர, பகரம் போன்ற மெய்யை அடுத்து லகரமோ ரகரமோ வந்தால் அவ்விரண்டும் பிரியாமல் அடுத்த அசையைத் தொடங்கும். படத்தைக் குறிக்கும் சொல் தாப்-லோ ஆகாது. தா-ப்லோ என்பதே சரி. இவ்விதிகளால் உயிரில் முடியும் அசைகளே பிரெஞ்சில் மிகுதியாக உள்ளன. ஆங்கிலம் பேசுவோர் மெய்யை முன் அசையோடு ஒட்டிச் சொல்லும் தம் பழக்கத்தைப் பிரெஞ்சிலும் கொண்டுவருவதால், ஒலிகள் யாவும் சரியாக இருந்தும் பேச்சு அயலாகவே கேட்பதுண்டு.

சொற்கள் தொடராகும்போதும் இதே விதி தொடர்கின்றது. அவன் வருகின்றான் என்பதற்குரிய இல் அரீவ் எனும் இரு சொற்கள் இ-லா-ரீவ் என மூன்று அசைகளாக ஒலிக்கும். முதற்சொல்லின் ஈற்று மெய் இரண்டாம் சொல்லின் அசைக்குள் சென்றுவிடுகின்றது. இது ஆன்ஷென்மான் (சங்கிலித் தொடர்ப்பு) எனப்படும். மெய்யீற்றின் மீது உயிர் வந்து ஏறும் தமிழ்ப் புணர்ச்சியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நான் இல்லை என்பது நா-னில்-லை என ஒலிப்பதை ஒப்பிடலாம்.

இதனினும் வேறானது லியெசோன் (இணைப்பு) எனப்படுவது. தனியே சொல்லும்போது ஒலிக்காத ஈற்று மெய், உயிரில் தொடங்கும் சொல் பின்வரும்போது உயிர்பெற்று எழும். பன்மைச் சுட்டாகிய லே என்பதன் இறுதியிலுள்ள எழுத்து வழக்கமாக ஊமை. ஆனால் நண்பர்கள் எனச் சொல்லும்போது லே-ஸா-மி என அதிர்வுடைய ஸகரமாக வெளிப்படும். எங்கும் இவ்வாறு இணைத்துவிடவும் இயலாது. வீரர்கள் என்னும் பொருளுடைய லே ஏரோ என்பதில், எழுத்தில் மட்டும் நிற்கும் ஹகரம் இணைப்பைத் தடுக்கின்றது. தடுக்காவிட்டால் அது சுழியங்கள் எனப் பொருள்படும் லே ஸேரோ என்று ஒலித்து, வீரர்கள் வெறும் சுழியங்கள் ஆகிவிடுவர். வியப்பு என்னவெனில், வீராங்கனையைக் குறிக்கும் சொல்லுக்கு இத்தடை இல்லை. எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்தால் தொடங்கினும் பேச்சு அவற்றை வேறாகவே நடத்துகின்றது.

சொல்லெல்லை முற்றிலும் அழிந்துபோவதில்லை என்பதற்கும் பாடநூல்களில் ஓர் எடுத்துக்காட்டு காட்டப்படுவதுண்டு. மூன்று சிறு சக்கரங்கள், மூன்று சிறு துளைகள் என்னும் இரு தொடர்களும் விரைவான பிரெஞ்சுப் பேச்சில் ஒரே ஒலிகளை ஒரே வரிசையில் கொண்டவை. முன்னது த்ருவா-ப்தித்-ரூ, பின்னது த்ருவா-ப்தி-த்ரூ. தகரம் எந்த அசையைச் சேர்ந்தது என்பதே சக்கரத்தையும் துளையையும் வேறுபடுத்துகின்றது.

ஊமை எகரம்

பிரெஞ்சு அசைகளை எண்ணுவதில் மிகுந்த இடர் தருவது ஊமை எகரம் எனப்படும் மெலிந்த உயிரொலி ஆகும். எழுத்திலும் அச்சுப் பிரிப்பிலும் இது ஓர் அசையாகவே கணக்கிடப்படும். மரபான செய்யுளிலும், மெய்க்கு முன் வரும் ஊமை எகரம் பன்னிரண்டு அசைகள் கொண்ட அலெக்சாந்திரேன் அடியின் கணக்கில் சேரும். பேச்சிலோ அது இடத்துக்கு ஏற்பத் தோன்றியும் மறைந்தும் வரும்.

கிழமைப் பெயர்களைக் கொண்டு இதனை எளிதில் அறியலாம். சனிக்கிழமையைக் குறிக்கும் சொல் எழுத்தில் ஸ-மெ-தி என மூன்று அசை. வடபிரான்சின் பேச்சில் அது ஸம்-தி என இரண்டே அசை. வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் வான்-த்ரெ-தி என்னும் சொல்லில் எகரம் விழுவதில்லை. விழுந்தால் தகர, ரகர, தகர மெய்கள் மூன்றும் ஒன்றோடொன்று மோதும். மூன்று மெய்கள் நெருங்குவதைத் தடுக்கவே எகரம் நிற்கின்றது எனும் இக்கருத்தை மூன்று மெய்களின் விதி என்ற பெயரில் மொரீஸ் கிராம்மோன் 1894 இல் வகுத்தார். இவரும் சொசூரின் பாரிசு மாணவரே. தென்பிரான்சில் இவ்விதிக்கு வேலையே இல்லை. அங்கு எகரத்தைப் பெரும்பாலும் ஒலித்தே பேசுவர்.

பஸ்ஸி தம் ஒலிப்பெழுத்துப் பாடங்களில் எகரத்தை ஒலிக்கும் இடத்தில் மட்டுமே எழுதினார். நான்கு என்பதற்குரிய காத்ர் என்னும் சொல், மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன் ரகரத்தையும் இழந்து காத் என நிற்பது போன்ற பேச்சு வழக்குகளையும் அவர் மறைக்கவில்லை.

அகராதி

1897 இல் செருமானியரான ஹெர்மான் மிக்கேலிசுடன் இணைந்து பஸ்ஸி பிரெஞ்சு மொழியின் ஒலிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். ஹனோவர் நகரில் அச்சான இந்நூலுக்குப் புகழ்பெற்ற மொழிநூலறிஞர் காஸ்தோன் பாரீஸ் முன்னுரை எழுதினார். வழக்கமான அகராதிகளுக்கு மாறாக, இதில் சொற்கள் ஒலிப்பின் வரிசையில் அடுக்கப்பட்டு, எழுத்துக்கூட்டல் அதன்பின் தரப்பட்டது. புழு, பச்சை, கண்ணாடி, செய்யுள் அடி ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சொற்கள் எழுத்தில் நான்கு விதமாக இருப்பினும், யாவும் வேர் என ஓரசையாக ஒலிப்பதால், இவ்வடுக்கில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. காதால் கேட்ட சொல்லின் எழுத்தைத் தேடும் அயலவருக்கு இம்முறை உதவியாக இருந்தது. மிக்கேலிசும் டேனியல் ஜோன்சும் 1913 இல் வெளியிட்ட ஆங்கில ஒலிப்பு அகராதியும் இதே அடுக்கைப் பின்பற்றியது.

எதிர்ப்புகள்

பஸ்ஸியின் எழுத்துகள் பிரான்சில் எளிதில் ஏற்கப்படவில்லை. அவர் பதிவு செய்தது கவனமற்ற பேச்சு என்றும், அதை அயல்நாட்டு மாணவருக்கு மாதிரியாகக் கொடுப்பது மொழியைத் தாழ்த்துவதாகும் என்றும் பலர் குறை கூறினர். மேடையிலும் செய்யுளிலும் கேட்கும் நிறைவான ஒலிப்பையே அவர்கள் உண்மையான பிரெஞ்சு எனக் கருதினர். படித்தவர்கள் தாமே வீட்டில் அவ்வாறு பேசுவதை அறியாமல் மறுக்கின்றனர் என்பது பஸ்ஸியின் நிலைப்பாடு. குறை கூறியோர் பக்கமும் ஓரளவு நியாயம் இருந்தது. ஒரு வட்டாரத்தின், ஒரு வகுப்பாரின் பேச்சு நாடு முழுமைக்கும் அளவுகோலாக முடியாது. அவருடைய நூல்களை முதலில் வரவேற்றுப் பயன்படுத்தியோர் செருமனி, இசுக்கண்டினேவியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் ஆசிரியர்களே.

மற்றோர் எதிர்நிலை ஆய்வகத்திலிருந்து வந்தது. கத்தோலிக்கக் குருவான ழான் பியேர் ரூஸ்லோ, ஒலிகளின் அசைவைச் சுழலும் உருளையில் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு சோதனை ஒலியியலை வளர்த்து வந்தார். பஸ்ஸியோ பழகிய காதையே தம் கருவியாகக் கொண்டார். (ரூஸ்லோ என்னும் பெயரும் எழுத்தில் மூன்று அசை, பேச்சில் இரண்டு.) பிற்கால ஒலியியல் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது.

எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்திலும் பஸ்ஸி முனைந்து ஈடுபட்டார். அதில் பெற்ற வெற்றி சிறிதே. 1901 ஆம் ஆண்டு அரசாணை தேர்வுகளில் சில மாற்று வடிவங்களைப் பொறுத்துக்கொள்ள இடமளித்ததோடு நின்றது.

ஒலி மாற்றம் பற்றிய கொள்கை

1890-91 இல் பஸ்ஸி தம் முனைவர் ஆய்வேட்டில் மொழிகளின் ஒலிகள் ஏன் மாறுகின்றன என்பதை ஆராய்ந்தார். தேவையற்றதை உதறிவிடும் போக்கு ஒன்று. தேவையானதைத் தெளிவாக்கி நிறுத்தும் போக்கு மற்றொன்று. இவ்விரண்டின் இழுபறியே மாற்றத்துக்குக் காரணம் என்றார். சனிக்கிழமையில் எகரம் விழுவதற்கும் வெள்ளிக்கிழமையில் அது நிற்பதற்கும் இக்கொள்கை நன்கு பொருந்துவதைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டில் அந்திரே மார்த்தினே சிக்கன நெறி பற்றி எழுதியபோது பஸ்ஸியை முன்னோடியாக எடுத்துக்கொண்டார்.

1894 இல் இவருக்கென உயர் ஆய்வுகளுக்கான செயல்முறைக் கல்விக்கூடத்தில் பொது, ஒப்பீட்டு ஒலியியல் பாடம் ஏற்படுத்தப்பட்டது. 1899 இல் நேர்முறை மொழிக் கல்வி பற்றியும், 1906 இல் முதன்மையான ஐரோப்பிய மொழிகளின் ஒப்பீட்டு ஒலியியல் பற்றியும் நூல்கள் எழுதினார். உடன் உழைத்த தம்பி ழான் பஸ்ஸியும் ஒலியியலாளர். 1898 இல் இளம் வயதிலேயே காலமானார்.

சமயமும் சமூகமும்

தந்தையின் அமைதிக் கொள்கையை மகன் ஏற்றார். பொருளியல் கொள்கையை ஏற்கவில்லை. புரட்டசுத்தாந்து கிறித்தவரான போல் பஸ்ஸி, நற்செய்தியை உண்மையாகப் பின்பற்றுவோர் தனியுடைமையைக் கைவிட வேண்டும் எனக் கருதினார். 1908 இல் தோன்றிய கிறித்தவச் சமவுடைமைவாதிகள் ஒன்றியத்தை நிறுவியோருள் ஒருவர். அதன் இதழையும் நடத்தினார். அக்காலத்திலேயே சம்பாஞ்சு பகுதியில் ஓபு மாவட்டத்திலுள்ள ஃபோந்தெத் என்னும் ஊரில் நிலத்தைப் பொதுவில் வைத்துப் பயிரிடும் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். அதற்கு லியேஃப்ரா என்று பெயர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய பிரெஞ்சுக் குடியரசின் முழக்கச் சொற்கள் லி-பெர்-தே, ஏ-கா-லி-தே, ஃப்ரா-தெர்-நி-தே என அசை பிரியும். ஒவ்வொன்றின் முதல் அசையையும் எடுத்துச் சேர்த்ததே அப்பெயர். அசைகளைக் கொண்டு ஓர் ஊருக்குப் பெயரிட ஒலியியலாளருக்கே தோன்றும். குடியேற்றம் பெரிதாக வளரவில்லை.

1913 இல் பிரெஞ்சு அரசு கட்டாயப் படைப்பணியை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக உயர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதனை வெளிப்படையாக எதிர்த்தமைக்காக பஸ்ஸி ஆசிரியப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இளமையில் படைப்பணிக்கு மாற்றாகப் பத்தாண்டு கற்பித்தவருக்கு, ஐம்பத்து நான்காம் வயதில் அதே படைப்பணியின் பொருட்டுக் கற்பிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இதற்கிடையில் முதல் உலகப் போர் வந்தது. போரிட்ட நாடுகள் பலவற்றிலும் உறுப்பினர்களைக் கொண்டிருந்த கழகத்தின் இதழ் 1914 இல் நின்றது. 1923 இல்தான் மீண்டும் வெளிவந்தது.

மாணவர்கள்

பாரிசுக்குத் தெற்கேயுள்ள பூர்-லா-ரேன் என்னும் சிற்றூரில் பஸ்ஸி வாழ்ந்தார். பல நாட்டு மாணவர் அவரிடம் ஒலியியல் கற்றனர். அவர்களுள் புகழ்பெற்றவர் ஆங்கிலேயரான டேனியல் ஜோன்ஸ். 1905-06 இல் பஸ்ஸியிடம் பயின்ற ஜோன்ஸ், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலியியல் துறையை வளர்த்தெடுத்தார். 1911 இல் பஸ்ஸியின் உறவினரான சிரீல் மோத் என்பவரை மணந்தார். பஸ்ஸிக்குப் பின் கழகத்தின் செயலர் பொறுப்பும் அவரிடமே சென்றது.

தமிழுக்கும் இவ்வழியில் ஒரு தொடர்பு உண்டு. ஜோன்சின் துறையில் பணியாற்றிய ஜே. ஆர். ஃபெர்த், ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934 ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் தமிழ் ஒலிப்பு பற்றிய சுருக்கம் ஒன்றை எழுதினார்.

இறுதிக் காலம்

1930 களின் தொடக்கத்தில் பஸ்ஸி தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். அதன் தலைப்பில் தம்மை ஒலியியலாளர் என்று குறிக்காமல் கிறித்தவச் சமவுடைமைவாதி என்றே குறித்துக்கொண்டார். 1940 மார்ச் 21 அன்று பூர்-லா-ரேனில் தம் 81 ஆம் வயதில் காலமானார். ஏழு வாரங்கள் கழித்து செருமானியப் படைகள் மேற்கு ஐரோப்பாவின் மீது தாக்குதலைத் தொடங்கின.

லெ மேத்ர் ஃபொனெத்தீக் இதழ் 1970 வரை ஒலிப்பெழுத்திலேயே வெளிவந்தது. 1971 முதல் கழகத்தின் ஆய்விதழாகப் பெயர் மாறி, வழக்கமான எழுத்துக்கூட்டலுக்குத் திரும்பியது. நெடுங்கணக்கின் இன்றைய பட்டியலில் அசை எல்லையைக் காட்ட ஒரு புள்ளியும், சொற்களுக்கிடையே முறிவில்லை என்பதைக் காட்ட வரியின் கீழ்ப்புறம் வளைந்த ஓர் இணைப்புக் கோடும் உள்ளன. பிரெஞ்சுப் பாடநூல்களில் லே-ஸா-மி போன்ற தொடர்களைக் குறிக்கும்போது அக்கோடு மிகுதியாகப் பயன்படுகின்றது.